பெயரில் மட்டும் நிற்கும் சாவடிகள்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, இரும்பை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நோயுற்றிருந்த முதியவர் ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பும் வழி. வெயில் தாழ்ந்திருந்தது. ஏரியின் நீர் பாதிக்கு மேல் வற்றி, எஞ்சிய நீரில் நாரைகள் நின்றன. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூர் பழம்பெருமை உடையது. திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களுள் இரும்பை மாகாளமும் ஒன்று. கடுவெளிச் சித்தரின் கதையை இங்குள்ள முதியோர் இன்றும் சொல்வர். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரம் இதன் அண்டையில்தான் இருக்கிறது. ஆகவே பல தேசத்து மக்கள் இப்பாதைகளில் நடந்தும் வண்டியேறியும் செல்வது இங்கே புதுமையன்று.

என்னுடன் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். அருகிலுள்ள ஊர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். இடையஞ்சாவடி என்றார். கடற்கரைச் சாலையில் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி என்றார். இத்தனை சாவடிகளா என்று வியந்து, “ஐயா, இடையஞ்சாவடியில் அந்தச் சாவடி எங்கே இருக்கிறது?” என்று வினவினேன். அவர் சற்று நின்று, சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாவடியை நான் பார்த்ததில்லை, சாமி. பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.”

அவர் விளையாட்டாகச் சொன்ன அச்சொல் என் உள்ளத்தில் தைத்தது. ஏனெனில் அந்நாட்களில் எங்கள் பங்கில் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டியவனாய் இருந்தேன். ஆலயத்திற்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையைப் பார்த்தாற்போல் ஒரு பழைய ஓட்டுக் கூடம் உண்டு. நடைப்பயணமாகத் திருத்தலங்களுக்குச் செல்வோர் தங்குவதற்கென்று முன்னோர் கட்டியது. அதை இடித்துவிட்டு ஐந்து கடைகள் கட்டினால் ஆலயத்திற்கு மாத வாடகை வரும் என்பது பங்குப் பேரவையில் பலருடைய கருத்து. இரண்டு வாரத்தில் பதில் சொல்வதாகக் கூறியிருந்தேன். பதில் மட்டும் என்னிடம் இல்லை.

வாசகர்களே, இந்தச் சாவடி என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இன்று ‘சாவடி’ என்றதும் நம் நினைவுக்கு வருவது யாது? திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், மொரட்டாண்டியில் வண்டிகளை நிறுத்திப் பணம் வாங்கும் சுங்கச்சாவடி. மாநில எல்லையில் மூட்டைகளைத் துழாவும் சோதனைச்சாவடி. தேர்தலன்று விரலில் மையிட்டுக்கொள்ளும் வாக்குச்சாவடி. வழிப்போக்கனைத் தடுத்து நிறுத்தும் இடங்களுக்கே அச்சொல் பெரும்பாலும் உரியதாகிவிட்டது. ஆனால் நம் பாட்டன்மார் காலத்தில் அது வழிப்போக்கனை வரவேற்கும் இடத்தின் பெயர். நாற்புறமும் தூண்கள், மேலே ஒரு கூரை, பக்கத்தில் கிணறோ குளமோ, வாசலில் ஆலமோ புளியோ. கதவு கிடையாது. வந்தவன் யாரென்று கேட்க ஆளும் கிடையாது. வெயிலுக்கும் மழைக்கும் இருளுக்கும் ஒதுங்கலாம். அவ்வளவே சாவடி.

சத்திரம் அதனினும் ஒரு படி மேலானது. அங்கே தங்க இடம் மட்டுமன்றி அன்னமும் உண்டு. அன்னமிடுவதற்கு நெல் வேண்டும்; நெல்லுக்கு நிலம் வேண்டும். ஆதலால் சத்திரம் வைத்தவர்கள் அதற்கு நிலங்களையும் ஊர்களையும் எழுதிவைத்தார்கள். சாவடிக்கும் சத்திரத்திற்கும் இடையில், தலைச்சுமையோடு நடப்பவன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றுவதற்கெனத் தோள் உயரத்தில் நாட்டிய சுமைதாங்கிக் கற்கள் உண்டு. பேறுகாலத்தில் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். வழிநடப்பவனுடைய துன்பத்தையும், இறந்தவளுக்காக அழும் வீட்டாருடைய துன்பத்தையும் ஒரே கல்லில் இறக்கிவைக்கத் தெரிந்தவர்கள் நம் மக்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வரலாறு அன்று. இங்கிலாந்தில் ஜார்ஜ் என்னும் பெயர்கொண்ட நான்கு மன்னர்கள் 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து ஆண்ட காலத்தில், நெடுஞ்சாலைகள் நெடுகக் குதிரை வண்டி விடுதிகள் செழித்திருந்தன. 1784-இல் ஜான் பாமர் என்பவரின் திட்டப்படி பிரிஸ்டலுக்கும் இலண்டனுக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழப் பத்து மைலுக்கு ஒருமுறை களைத்த குதிரைகளை அவிழ்த்துப் புதிய குதிரைகளைப் பூட்ட வேண்டும். அதற்காகவே பெரிய வாயிலும், நடுவில் முற்றமும், பின்னால் இலாயமும், மாடியில் படுக்கை அறைகளுமாக அவ்விடுதிகள் கட்டப்பட்டன. 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியபின், இருபது ஆண்டுகளுக்குள் பெருவழி வண்டிகள் பெரும்பாலும் மறைந்தன. குதிரை வராத இலாயத்திற்கு வேலை ஏது? சில விடுதிகள் பெரிய ஓட்டல்களாயின, சில கடைகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளுமாயின, பல இடிபட்டன.

நம் சத்திரங்களுக்கும் அவ்விடுதிகளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அவை காசு பெற்று இடம் தந்தவை; இவை புண்ணியம் கருதி இடம் தந்தவை. வாணிகத்திற்காகக் கட்டிய வீட்டில் வாணிகம் குறைந்தால், உரிமையாளன் வேறு வாணிகம் தொடங்கலாம். அவனை யாரும் குறை கூறார். ஆனால் இறந்துபோன ஒருவர் ஏழை வழிப்போக்கருக்கென்று எழுதிவைத்த வீட்டில் வழிப்போக்கர் வரத்துக் குறைந்தால், அந்த வீட்டை என்ன செய்வது? அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? என் நெஞ்சை அரித்த கேள்வி அதுவே. அதற்கு விடை தேடியபோது என் நினைவு தஞ்சைத் தரணிக்குச் சென்றது.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் ஒரத்தநாடு இருக்கிறது. அவ்வூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியதே முக்தாம்பாள் சத்திரம். முக்தாம்பாள் என்பவர் மன்னரின் அன்புக்குரிய பெண்மணி. அரசியாக முடிசூடியவர் அல்லர். இளமையிலேயே மறைந்த அவர், தம் பெயரால் ஓர் அன்னசத்திரம் அமைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் மன்னர் அவ்வேண்டுகோளை நிறைவேற்றினார். ஊருக்கும் முக்தாம்பாள்புரம் என்ற பெயர் வழங்கலாயிற்று. யானைகளும் குதிரைகளும் தேரை இழுத்துச் செல்வதுபோல் கல்லில் செதுக்கிய அடித்தளமும், முற்றங்களைச் சுற்றித் தாழ்வாரங்களும், தூண் வரிசைகளும் கொண்ட அழகிய மாளிகை அது. வழிநடப்பவன் தங்கும் வீட்டையே புறப்படத் தயாரான தேர்போல் அமைத்த அந்தச் சிற்பிகளின் கற்பனையை எண்ணி வியக்கிறேன்.

சரபோஜியைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருப்பர். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர். இளமையில் லுத்தரன் சபைக் குருவாகிய சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் கல்வி கற்றவர். 1798-இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே, 1799-இல், நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே அவரிடம் எஞ்சின. நாட்டை இழந்த அந்த வேளையில், சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் தொடர்ந்து நிலைபெறவேண்டும் என்பதில் அவர் காட்டிய கவலை நம் சிந்தனைக்குரியது. 1801-இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் வரலாற்றாசிரியர்களால் எடுத்தாளப்படுகிறது.

அக்கடிதத்தில் அவர் விவரிக்கும் ஏற்பாடுகளைக் கேளுங்கள். இராமேசுவரம் செல்லும் சேது வழியில் வருவோர் எந்தச் சாதியினராயினும், துறவியராயினும் அனைவருக்கும் அன்னம் உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் சாமான்களும் அளந்து கொடுக்கப்படும். நள்ளிரவு வரை இவ்வாறு நடக்கும். பின்பு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரச்சொல்லி அழைப்பார்கள். சத்திரத்தில் வேதம் ஓதுவிப்போரும் பள்ளி ஆசிரியரும் இருப்பர். நோய்க்கும் வீக்கத்திற்கும் விஷக்கடிக்கும் மருத்துவர் இருப்பர். வழியில் நோயுற்றவர் குணமடையும் வரை தங்கலாம். பெற்றோரை இழந்த வழிப்போக்கரின் பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவும், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும், படிப்பும் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. சூலுற்ற பெண் அங்கே வந்து பிள்ளை பெற்றால், பேறுகாலச் செலவும் மருந்தும் சத்திரத்தின் பொறுப்பு.

மருத்துவமனை, பள்ளிக்கூடம், அநாதை இல்லம், பேறுகால விடுதி என்று இன்று நாம் தனித்தனியே கட்டுகின்ற நான்கையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தனர். நள்ளிரவு மணியின் ஓசைதான் என்னை மிகவும் தொட்டது. பசித்தவன் தேடி வரட்டும் என்று காத்திராமல், பசித்தவன் இருக்கிறானா என்று தேடிச் செல்லும் ஓசை அது.

ஆயினும் உண்மையை முழுவதும் சொல்லவேண்டும். எல்லோர்க்கும் அன்னம் இருந்தது. எல்லோர்க்கும் ஒரே பந்தி இருக்கவில்லை. சமையலிலும் பந்தியிலும் சாதிப் பிரிவு இருந்தது. நாட்டில் சத்திரங்கள் பல ஒரு சாதியாருக்கே உரியனவாயிருந்தன. இதைச் சொல்லிவிட்டு நாம் பெருமிதம் கொள்வதற்கில்லை. நம் ஆலயங்களுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் வகுத்த காலம் இருந்தது. வடக்கன்குளம் ஆலயத்தில் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் அகற்றப்பட்டது. வீட்டைக் கட்டுவோர் தம் காலத்தின் குறைகளையும் சேர்த்தே கட்டிவிடுகின்றனர். அவற்றை நீக்குவது பின்வருவோர் கடமை.

அந்தப் பின்வருவோர் கதைக்கு வருகிறேன். 1855-இல் தஞ்சை மராட்டிய அரச மரபு முடிவுற்றது. பிற்பாடு சத்திரங்கள் ஜில்லா போர்டின் நிர்வாகத்திற்கு வந்தன. அதற்குள் நாட்டில் இரயில் வந்துவிட்டது. 1856 ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடிற்று. 1879-இல் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இருப்புப்பாதை இணைப்பு வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இராமேசுவரம் வரையிலும் வண்டியிலேயே செல்ல வழி பிறந்தது. காசியிலிருந்து காலால் நடந்து சேதுவுக்கு வந்தவர்கள் அருகினர். மாதக்கணக்கான வழி சில நாட்களாகச் சுருங்கியது. ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் மணி ஓய்ந்தது. ஆனால் நிலமும் நெல்லும் வருமானமும் இருந்தன. சத்திரத்துப் பணத்தில் பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் நடந்தன. அவ்விடுதிகள் நெடுங்காலம் பிராமண மாணவர்களுக்கே உரியனவாய் இருந்தன.

1924-இல் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக ஒருவர் வந்தார். சர் ஏ. டி. பன்னீர்செல்வம் என்னும் பெருமகன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக அமர்ந்தவர். 1930 வரை அவர் அப்பதவி வகித்தார். அரச மரபினர் எழுதிவைத்த அறக்கட்டளைகள் உண்மையில் எதற்காக ஏற்பட்டவை என்று அவர் பழைய ஆவணங்களைக் கொண்டே கேள்வி எழுப்பினார். திருவையாற்றில் வடமொழிக்கு மட்டுமே இடம் தந்த கல்லூரியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய ஊர்களின் சத்திர விடுதிகள் பிராமணர் அல்லாத ஏழை மாணவர்களுக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கும் திறக்கப்பட்டன. தம் குலத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த எத்தனையோ பிள்ளைகள், ஒரு பெண்ணின் நினைவாக வைத்த சோற்றை உண்டு படித்து முன்னேறினர். 1940 மார்ச் முதல் நாள், இந்திய மந்திரியின் ஆலோசகர் பதவியை ஏற்க இலண்டன் செல்லும் வழியில், பன்னீர்செல்வம் ஏறிச்சென்ற ஹானிபல் விமானம் ஓமான் வளைகுடாப் பகுதியில் மறைந்துபோயிற்று. வழிநடப்போர்க்கு வைத்த வீட்டை ஏழைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட அம்மனிதர் வழியிலேயே மறைந்தார்.

பன்னீர்செல்வம் செய்தது என்ன? அவர் சத்திரத்தின் பயனை மாற்றினாரா, மீட்டாரா? இதை நான் பலமுறை சிந்தித்துப் பார்த்திருக்கிறேன். சோறு உண்பவன் மாறினான். சேதுவுக்குச் செல்லும் யாத்திரிகனுக்குப் பதிலாகப் பள்ளிக்குச் செல்லும் சிறுவன் பந்தியில் அமர்ந்தான். ஆனால் இடமில்லாதவனுக்கு இடம், உணவில்லாதவனுக்கு உணவு என்ற முதல் நோக்கம் மாறவில்லை. அந்த நோக்கத்தைக் குறுக்கியிருந்த வேலியே அகற்றப்பட்டது. ஆகவே மீட்டார் என்றே சொல்வேன்.

வீட்டின் பயன் மாறும்போது நோக்கம் நிலைத்ததற்கு வேறொரு சான்று சென்னையில் இருக்கிறது. ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் கிராமங்களை விட்டோடிவந்த மக்கள் சென்னையில் பசியால் வாடினர். 1782-இல் மணியக்காரர் ஒருவர் அவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கினார் என்பர். அதுவே மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் நாவில் அது ‘மணிகார் சௌல்ட்ரி’ ஆயிற்று. பசித்து வந்தவர்களில் நோயாளிகளும் இருப்பார்கள் அல்லவா? 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் கும்பினி மருத்துவர் அங்கே ஒரு மருத்துவமனை அமைத்தார். அது வளர்ந்து, 1930-களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக மலர்ந்தது. வடசென்னையின் முதியோர் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்லிவந்தனர். படித்தோர் இட்ட பெயர் ஆளுநரை நினைத்தது. பாமரர் இட்ட பெயர் கஞ்சியை நினைத்தது.

சில சாவடிகள் நீதிமன்றங்களாயின. நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்நாட்டு மக்களின் வழக்குகளை விசாரித்த மன்றத்திற்குச் சாவடி என்றே பெயர். பிரெஞ்சு மொழியில் ‘ஷோத்ரி’ என்றனர். 1766 முதல் 1817 வரை அங்கே வழங்கப்பட்ட தீர்ப்புகளைத் தொகுத்துப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1999-இல் நூலாக வெளியிட்டது. சென்னையிலும் பதினேழாம் நூற்றாண்டில் சிறு வழக்குகள் சாவடியில்தான் விசாரிக்கப்பட்டன. எல்லோரும் வரக்கூடிய, கதவில்லாத இடத்தில் நியாயம் கேட்பது பொருத்தந்தானே!

வேறு சில சத்திரங்கள் தம் முதல் தொழிலையே இன்றும் செய்கின்றன. 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்த புகழ் உடையவர். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் இரயில் பயணிகளுக்கு இடம் தந்து வந்திருக்கிறது. நடைவழிச் சத்திரத்திற்கு வாழ்வு தந்ததும் இரயில். மற்றவற்றின் வாழ்வைப் பறித்ததும் இரயில். இடம் வாய்த்தது பிழைத்தது.

இன்னும் சில, பெயராக மட்டும் எஞ்சின. நான் குருமட மாணவனாகத் திருச்சியில் பயின்ற நாட்களில், ‘சத்திரம்’ என்று சொல்லியே பேருந்தில் சீட்டு வாங்குவோம். தூய வளனார் கல்லூரிக்கும் லூர்து அன்னை ஆலயத்திற்கும் அண்மையிலுள்ள சத்திரம் பேருந்து நிலையம் அது. அப்பெயர் ஏன் வந்தது என்று ஒருநாளும் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. சென்னையிலோ இன்று ஆங்கிலம் பேசுவோர் ‘சௌல்ட்ரி’ என்றால் வாடகைக்கு விடும் கலியாண மண்டபம் என்று பொருள். அங்கேயும் பந்தி உண்டு. அழைப்பிதழ் இல்லாதவனுக்கு இடமில்லை.

இனி என் கதையை முடிக்கிறேன்.

இரும்பையிலிருந்து திரும்பிய இரவு, எங்கள் பங்கின் பழைய ஏடுகளை எடுத்துப் பார்த்தேன். கூடத்தைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு இருந்தது. விதவைத் தாய் ஒருவர் தம் நகைகளை விற்று, வழிநடப்போர் இராத்தங்குவதற்காகக் கொடுத்தது என்று இரண்டு வரிகள். பெயர் இருந்த இடத்தைக் கறையான் தின்றிருந்தது.

மறுவாரம் பேரவை கூடியது. கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நியாயமாகவே பேசினார்: “சாமி, ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் பத்து நாள் தங்குகிறார்கள். மீதி முந்நூற்றைம்பது நாளும் பூட்டிக் கிடக்கிறது. ஓடு உடைந்துவிட்டது; உத்திரத்தைக் கறையான் அரித்துவிட்டது. பழுதுபார்க்கப் பணம் எங்கே? கடை வந்தால் கோவில் கடனாவது அடையும்.” அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பூட்டிய வீடு தருமம் செய்வதில்லை. பெயரைக் காப்பாற்றுவதற்காக வெறுங்கூடத்தைக் காப்பாற்றுவது முதியவர் சொன்ன சாவடியைப் போலத்தான்.

அப்போது பேரவையின் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். சென்ற ஆண்டு நடந்த ஒன்றை நினைவூட்டினார். திருவண்ணாமலைப் பக்கத்து உழவர் ஒருவர், புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்திருந்த தம் மனைவிக்காக இருபத்தொரு நாள் மரத்தடியில் படுத்திருந்தார். ஒரு மழை நாளில் பேருந்து ஏறி வந்து எங்கள் ஆலயத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார். அந்தத் தாய்தான் அவருக்குச் சோறு கொடுத்தவர். “சாமி, நடந்து போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறீர்கள். ஆஸ்பத்திரி மரத்தடியில் படுத்திருக்கிறவர்கள் குறைந்துவிட்டார்களா?” என்று கேட்டார்.

அவை சிறிது நேரம் அமைதியாயிருந்தது. எனக்கு லூக்காஸ் நற்செய்தியில் வரும் சாவடிக்காரன் நினைவுக்கு வந்தான். எரிக்கோ சாலையில் அடிபட்டவனைத் தூக்கிவந்த சமாரியனைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். அவன் கொடுத்த இரண்டு வெள்ளிப்பணத்தைப் பெற்றுக்கொண்டு நோயாளியோடு பின்தங்கிய அந்தச் சாவடிக்காரனைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. சமாரியன் மறுநாள் போய்விட்டான். புண்ணைக் கழுவுவதும், இரவில் விழித்திருப்பதும், கணக்கு வைத்திருப்பதும் சாவடிக்காரனின் வேலை. கொடுத்தவர் திரும்பி வருவார். வந்து கணக்குக் கேட்பார். பெயர் அழிந்துபோன அந்த விதவைத் தாய் எங்களிடம் இரண்டு வெள்ளிப்பணம் கொடுத்துச் சென்றிருக்கிறார். நாங்கள் உரிமையாளர் அல்லர், சாவடிக்காரர்.

“கூடத்தை இடிக்க வேண்டாம். பழுதுபார்த்து, நோயாளிகளுடன் வருவோர் தங்குவதற்குத் திறந்து வைப்போம். ஆவணியில் யாத்திரிகர்களுக்கு முதலிடம் இருக்கட்டும்,” என்றேன். எல்லோரும் ஒப்பினர் என்று எழுதினால் பொய்யாகும். கடைக்கார அன்பர், “கடனுக்கு என்ன வழி, சாமி?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்தார். அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை, இன்னும் இல்லை. கூரையின் பாதிக்கு ஓடு மாற்றியாயிற்று. மறுபாதி மழைக்கு முன்னே முடியவேண்டும். வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று அன்பியங்கள் முறைவைத்துக் கொடுக்கின்றன. முதல் மாதத்தில் பதினொரு பேர் தங்கினர். அவர்களுள் நம்மவர் மூவர். மற்றவர்களிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. சாவடியில் கேட்கும் வழக்கம் இல்லை. அரிசிப் பானையின் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? கடனைப் பற்றிக் கேட்ட அதே அன்பர்தான்.

அன்பார்ந்த குடும்பங்களே, உங்கள் ஊரிலும் ஒரு பழைய கூடமோ, திண்ணையோ, சுமைதாங்கிக் கல்லோ இருக்கக்கூடும். அதைக் கட்டியவர் யாரை நினைத்துக் கட்டினார் என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு, அந்த மனிதர் இன்று எங்கே படுத்திருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். அவர் இப்போது சாலையில் நடப்பவராக இராமற் போகலாம். மருத்துவமனை வாசலிலோ, பேருந்து நிலையத்திலோ, வேலை தேடி வடக்கேயிருந்து வந்து கட்டடப் பணியிடத்தின் தகரக் கொட்டகையிலோ இருக்கலாம்.

இரும்பைப் பெரியவரைச் சென்ற வாரம் மீண்டும் சந்தித்தேன். கூடத்தின் செய்தியைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்படியானால் நான் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும், சாமி. சாவடியை நான் இன்னும் பார்த்ததில்லையே,” என்றார். வருகிற ஞாயிறு அழைத்துவர ஏற்பாடு செய்திருக்கிறேன்.